திங்கட்கிழமை போட்ட தபாலட்டை

கண்டி, மஹய்யாவ
14.02.1937

அன்புள்ள ராத்தாவுக்கு,

தம்பி ஹுஸைன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஐந்து மாதமாக உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் திறந்து பார்ப்பீர்களோ என்று தெரியவில்லை. இப்போதும் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

முந்தாநாள் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம் சாச்சா மகன் றவூபைக் கண்டேன். மாவனல்லைக்குப் போகிற வழியில் உங்கள் கடையில் இறங்கினானாம். நீங்கள் கிணற்றடியில் விழுந்ததையும், மூக்கால் இரத்தம் வந்ததையும் அவன்தான் சொன்னான். "ராத்தா மிச்சம் மெலிஞ்சி போயிட்டாங்க. காலைல எழும்பினா பிடரி வலிக்கிதாம். மச்சான் தலைக்கி எண்ணெ வைக்கச் செல்லி ஈக்காரு" என்றான்.

ராத்தா, இது எண்ணெயில் போகிற வலி அல்ல என்று நினைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. டொக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலந்து போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறவன்தான். ஆனாலும் பதினோரு வருஷம் அவர் பக்கத்தில் நிற்கிறேன். காலையில் பிடரி வலி, மூக்கால் இரத்தம், கண் இருட்டு என்று வாரத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தால் இரத்த அமுக்கம் ஏறியிருக்கும். தோட்டத்துத் துரைமாருக்கும் கோர்ட்டுப் பிரக்கிராசிமாருக்கும் வருகிற வருத்தம் என்று முன்பு நினைத்திருந்தேன். அப்படியில்லை. ரொட்டி சுடுகிற பெண்ணுக்கும் வருகிறது. சும்மா விட்டால் ஒரு பக்கம் கைகால் விழுந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். டொக்டரே பார்ப்பார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் அன்றைக்கு வெளியே போய்விடுகிறேன்.

தம்பி,
ஹுஸைன்

*

கடுகண்ணாவை
02.03.1937

ஹுஸைனுக்கு,

கடிதம் கிடைத்தது. திறந்து படித்தேன். உன் மச்சானுக்குக் காட்டவில்லை.

நான் வரமாட்டேன்.

விழுந்தது உண்மை. கிணற்றடியில் பாசி, அதனால் விழுந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பாசி இல்லை. கண் இருட்டியது. விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. வலிக்கவும் இல்லை.

கருவியைப் பற்றி எனக்கு விளக்க வேண்டாம். என் மகள் சொல்லியிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை பிள்ளைக்குத் துணி வாங்கக் கண்டிக்கு வந்தவள், உன்னையும் பார்த்துவிட்டு வந்தாள். வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "மாமா கையில பட்டியக் கட்டிக் காத்தடிச்சாரு உம்மா. கை மரத்துப் போச்சி. என்ன மாமா எண்டு கேட்டன். ஒண்டுமில்ல புள்ள, பார்லித் தண்ணி குடி எண்டாரு."

நான் பார்லி அவித்துக் கொடுத்தேன். பிள்ளைப்பேற்றுக்கு நம் வீட்டுக்கு வந்திருந்த றமீஸாவுக்கு அப்போது ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் வளையல் இறுகிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற வீக்கம்தானே என்று தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன்.

புதன்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு தலை பிளக்கிறது என்றாள். கண் தெரியவில்லை என்றாள். பிறகு இழுப்பு வந்தது. காரில் கண்டிக்குக் கொண்டு வரும்போது பேராதனைப் பாலத்தில் மௌத்தானாள். பிள்ளையும் வயிற்றுக்குள்ளேயே.

நீ ஒன்றுமில்லை என்று சொன்னாய். அந்தக் கருவி என்ன சொன்னது? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஸுலைஹா

*

கண்டி, மஹய்யாவ
05.03.1937

அன்புள்ள ராத்தாவுக்கு,

நூற்று அறுபத்தாறு. கீழ் எண் நூற்றுப் பத்து. ஏழு மாதத்தில் நூற்று முப்பதைத் தாண்டினாலே டொக்டரின் முகம் மாறும்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாம் தரம் நூற்று எழுபது. டிஸ்பென்சரிப் புத்தகத்தில் இரண்டில் குறைந்ததை எழுதினேன். டொக்டர் ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது அந்தக் கருவியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. றமீஸா பஞ்சுப் பொதி போல வீங்கிய காலோடு படியேறி வந்தாள், சிரித்துக்கொண்டே வந்தாள். நாலு மணி ரயிலுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டாள். கருவிதான் பிழையாக இருக்கும், படியேறி வந்ததால் ஏறியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒன்றுமில்லை என்று வாய் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை காலை டொக்டர் வந்ததும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். "இண்டைக்கே அந்தப் பிள்ளையக் கூட்டி வா. படுக்க வைக்கணும்" என்றார். பகல் தபாலில் மச்சான் பேருக்கு அட்டை போட்டேன்.

அந்த அட்டை வரவில்லையா ராத்தா? வந்தும் ஏன் அனுப்பவில்லை என்று இத்தனை மாதமாக உங்கள் இருவர் மேலும் எனக்கும் கோபம் இருந்தது. ஜனாஸா வீட்டில் நான் உங்களோடு பேசாமல் நின்றது அதனால்தான். இப்போது உங்கள் கடிதத்தைப் படித்தால், அப்படி ஒரு அட்டை போனதே உங்களுக்குத் தெரியாதது போல இருக்கிறது.

ஹுஸைன்

*

கடுகண்ணாவை
11.03.1937

ஹுஸைனுக்கு,

தெரியாது.

உன் மச்சானிடம் கேட்டேன். கடையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்தார். பிறகு உள்ளே வந்து அலுமாரியைத் திறந்தார். அட்டையை மகளின் நிக்காஹ் கடதாசியோடு சேர்த்து வைத்திருந்தார்.

"செவ்வாக்கிழம பகல் வந்திச்சி" என்றார். "ஹுஸைன் எப்பவும் வருத்தத்தப் பெருசாத்தானே செல்ற. வெள்ளிக்கிழம கடைய அடச்சிட்டுக் கூட்டிப் போகலாம் எண்டு நெனச்சன்."

"எனக்கிட்ட ஏன் செல்லல்ல?"

"நீ பயந்திருவ எண்டு."

அதற்குப் பிறகு கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. இரண்டு நாள் கடை திறக்கவில்லை. பிலிமத்தலாவையிலிருந்து சின்ன மகள் ரபீகா வந்து வாப்பாவின் காலடியில் இருந்து அழுதாள். நான் சோறு ஆக்கினேன். மூன்று பேருக்கும் போட்டேன். அவர்கள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. 'றமீஸாவை வசதிப்படி விரைவில் அனுப்பவும். கால் வீக்கத்தை டொக்டர் ஒருமுறை பார்க்க விரும்புகிறார். பயப்பட ஒன்றுமில்லை.' இவ்வளவுதான். நூற்று அறுபத்தாறு அதில் இல்லை. இன்றைக்கே என்று டொக்டர் சொன்னதும் இல்லை. படித்தவர் வெள்ளிக்கிழமை போகலாம் என்று நினைத்ததில் நான் என்ன பிழை சொல்ல?

கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்கு ரயிலில் ஒரு மணி நேரம். நீ ஏன் அட்டை எழுதினாய்?

ஸுலைஹா

*

கண்டி, மஹய்யாவ
28.03.1937

அன்புள்ள ராத்தாவுக்கு,

நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் கடிதத்தில் டிஸ்பென்சரியில் அன்று சனம் அதிகம் என்று எழுதினேன். அதிகம்தான். ஆனால் போ என்றால் டொக்டர் விட்டிருப்பார். இரண்டாவதில் மச்சானைக் காரணம் சொன்னேன். றமீஸாவின் கல்யாணத்தில் பத்துப் பேர் முன்னால் என்னைப் போத்தல் கழுவுகிறவன் என்று சொன்னாரே, அந்த வீட்டு வாசலில் போய் நின்று நோயைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது என்று. அதுவும் உண்மைதான். ஆனால் அது முழுவதும் இல்லை.

சனிக்கிழமை அவளிடம் ஒன்றுமில்லை என்றேன். திங்கட்கிழமை நேரில் வந்தால், அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அட்டையில் அது தேவைப்படவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியது அவளுக்காக அல்ல, எனக்காக. இவ்வளவுதான் ராத்தா. ஒரு பிள்ளையின் உயிருக்கு முன்னால் இது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாளிலிருந்து எனக்குள் ஏதோ ஒன்று அசையாமல் நிற்கிறது. மருந்து கலக்கிறேன், அளவு பிழைக்கவில்லை. சாப்பாடு, தொழுகை, வேலை எல்லாம் நடக்கிறது. யாரோ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருக்கிறது.

என்னிடம் வர வேண்டாம். கடுகண்ணாவை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சண்முகநாதன் என்று, வருத்தம் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தவர். அவரிடமும் கருவி இருக்கிறது. அவருக்கு எழுதியிருக்கிறேன். எனக்காகப் போகாதீர்கள். ரபீகாவுக்காகப் போங்கள்.

ஹுஸைன்

*

கடுகண்ணாவை
20.04.1937

ஹுஸைனுக்கு,

போனேன். நானாகப் போகவில்லை. வியாழக்கிழமை சட்டியைத் தூக்கும்போது இடது கை விரல்கள் மரத்துப்போய்ச் சட்டி விழுந்தது. சத்தம் கேட்டு உன் மச்சான் வந்தார். கீழே சிந்திய கறியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கடையை அடைத்துவிட்டுக் கூட்டிப் போனார்.

அப்போதிக்கரி ஐயாவின் பெண்சாதி பரிமளம் பட்டியைக் கட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். மூன்று தரம் பார்த்தார்.

"அக்கா, இருநூற்றுப் பதினாலு. நான் ஒளிச்சுச் சொல்லேல்லை" என்றார். "உப்பு, கருவாடு, ஊறுகாய் ஒண்டும் வேண்டாம். இறைச்சியைக் குறையுங்கோ. மத்தியானம் ஒரு மணித்தியாலம் படுக்கோணும். இரவைக்கு ஒரு மாத்திரை தாறன். கிழமைக்கு ஒருக்கா வந்து காட்டோணும்."

"வராட்டி?" என்று கேட்டேன்.

"வராட்டி ஒரு நாளைக்குக் கைகால் விழும். இல்லாட்டி அதுக்கும் மேலை."

அதற்கும் மேலே என்றபோது எனக்குப் பயம் வரவில்லை. பயம் வராதது நல்லதில்லை என்று மட்டும் விளங்கியது. மாத்திரைப் போத்தலை உன் மச்சான்தான் வாங்கிக்கொண்டார்.

உப்பில்லாமல் சமைக்கிறேன். அவரும் அதையே சாப்பிடுகிறார். வேண்டாம், உங்களுக்குத் தனியாக ஆக்குகிறேன் என்றேன். அதையே மறுபடி போட்டுக்கொண்டார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. முன்பும் உப்பு தெரிந்துகொண்டிருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

ஒவ்வொரு கிழமையும் பார்க்கிற எண்ணை உனக்கு அனுப்பச் சொன்னார் ஐயா. உன் டொக்டர் பார்க்க வேண்டுமாம். அனுப்புகிறேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

ஸுலைஹா

*

(தபாலட்டை)
04.05.1937

206.
ஸுலைஹா

*

(தபாலட்டை)
25.05.1937

198. மாத்திரை போட்டால் காலையில் தலை பாரம்.
ஸுலைஹா

*

கண்டி, மஹய்யாவ
28.05.1937

அன்புள்ள ராத்தாவுக்கு,

டொக்டரிடம் காட்டினேன். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடச் சொல்கிறார். எண் இறங்குகிறது, ஆனால் இறங்கியது என்று விட்டுவிடக் கூடாதாம். சுகமாகத் தெரியும் நாளில்தான் சனங்கள் ஏமாந்துபோகிறார்கள் என்று சொன்னார். இந்த வருத்தத்துக்குச் சத்தம் கிடையாது. பட்டியைக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

புத்தகத்தில் குறைந்த எண்ணை எழுதியதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று வீட்டுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, இனி நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ பார்க்கலாம், ஆனால் பார்த்த எண்ணைப் பார்த்தபடி எழுது, அதை அந்த ஆளிடம் சொல்லு என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹுஸைன்

*

(தபாலட்டை)
13.07.1937

178. பிடரி வலி இல்லை.
ஸுலைஹா

*

கடுகண்ணாவை
05.10.1937

ஹுஸைனுக்கு,

நாலு கிழமை எண் வரவில்லை என்று எழுதியிருந்தாய். போகவில்லை, அதனால் வரவில்லை.

மகளின் வருஷம் வந்தது. அவள் நினைவில் கத்தம் ஓதினோம். வந்தவர்களுக்குச் சமைத்தேன். எல்லாரும் போன பிறகு மாத்திரைப் போத்தலைக் கையில் எடுத்தேன். இதை ஏன் போடுகிறேன் என்று ஒரு கேள்வி வந்தது. போத்தலை வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அப்படி நினைப்பது ஹராம். ஒன்றுமே நினைக்கவில்லை.

நேற்று பரிமளம் வீட்டுக்கே வந்தாள். "ஏன் அக்கா வரேல்லை? நான் ஒவ்வொரு செவ்வாயும் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றாள். சேலையை மாற்றிக்கொண்டு அவளோடு போனேன்.

210. மறுபடியும் தொடங்கியிருக்கிறேன்.

ஸுலைஹா

*

கடுகண்ணாவை
14.02.1938

தம்பிக்கு,

ரபீகாவுக்கு ஐந்து மாதம். எனக்கு முதலிலேயே தெரியும். உனக்கு எழுதக் கை வரவில்லை.

அவளுடைய புருஷன் பஹ்மி நல்ல பிள்ளை. உம்மாவின் பிரஷர் மகளுக்கும் வருமா என்று அவனாகவே என்னிடம் வந்து கேட்டான். தெரியாது என்றேன். சண்முகநாதன் ஐயாவிடம் காட்டலாம் என்றேன். ரபீகா கேட்கவில்லை. "நான் மாமாக்கிட்டத்தான் போவன்" என்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அவரு இனிப் பொய் செல்ல மாட்டாரு" என்றாள்.

அவளை அனுப்புகிறேன். நான் வரவில்லை. எண் எதுவானாலும் அவளிடமே சொல்லு.

என்னுடையது 172.

ராத்தா,
ஸுலைஹா

*

கண்டி, மஹய்யாவ
21.02.1938

அன்புள்ள ராத்தாவுக்கு,

ரபீகாவும் பஹ்மியும் சனிக்கிழமை வந்தார்கள். படியேறிய மூச்சு இறங்கட்டும் என்று கால் மணி நேரம் கதிரையில் இருத்தினேன். பிறகு பட்டியைக் கட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூற்றுப் பதினெட்டு. அவளிடம் சொன்னேன். டொக்டரும் பார்த்தார். அவருக்கும் அதே எண்தான் கிடைத்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வர வேண்டும், கால் வீங்கினால், தலை வலித்தால், கண் மங்கினால் அன்றைக்கே வர வேண்டும் என்று பஹ்மியிடம் சொல்லியிருக்கிறார்.

நல்ல எண்தான். அதைக் கேட்டு நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். நிம்மதி என்பது எப்படி இருக்கும் என்று மறந்துவிட்டது போல இருக்கிறது.

ஹுஸைன்

*

கடுகண்ணாவை
12.06.1938

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாகக் கண்டிக்கும் கடுகண்ணாவைக்கும் அலைந்ததில் உனக்கு எழுத நேரமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உன்னைக் காணும்போதெல்லாம் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நான் ரபீகா வீட்டில் இருந்தேன். காலையில் அவள் உன்னிடம் வந்து காட்டிவிட்டு, டொக்டர் வெளியூர் போயிருந்ததால் திரும்பி வந்துவிட்டாள். நூற்று நாற்பத்தெட்டு, பின்னேரம் டொக்டர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று மாமா சொன்னார் என்றாள். மூன்று மணிக்கு வாசலில் நிழல் தெரிந்தது. நீ நின்றாய். சட்டை முழுவதும் வேர்வை. பஸ் வரவில்லை, லொறியில் ஏறி வந்தேன் என்று பிறகு சொன்னாய். அப்போது வந்தவுடன் சொன்னது, "ரபீகா, டொக்டருக்காகக் காத்து நிக்க எனக்கு ஏலாமப் போச்சி. எண் கூடி ஈக்கி. காலும் வீங்கி ஈக்கி. இது பயப்பட வேண்டிய விஷயம்தான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்." அவ்வளவுதான். பஹ்மி கார் பிடிக்க ஓடினான்.

ஒன்றரை வருஷத்துக்கு மேலாக நாம் இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை. பேராதனைப் பாலம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாலம் முடிந்ததும் முன் கதிரையிலிருந்து நீ "தாண்டிட்டோம் ராத்தா" என்றாய். நான் கேட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. கேட்டேன்.

நாலு கிழமை அவளைப் பாலும் பழமும் கொடுத்து இருட்டறையில் படுக்க வைத்தார்கள். எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. புதன்கிழமை பிள்ளை பிறந்தது. பெண். நாள் முந்தி வந்ததால் சின்னது, நாலரை றாத்தல். ரபீகா சுகமாக இருக்கிறாள். நேற்று அவளுக்கு நூற்று இருபத்தாறு.

இப்போது நான் சொல்வதை யாரிடமும் சொல்லாதே. பிள்ளையைக் கையில் தந்தபோது சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. கையில் பாரம் மட்டும் தெரிந்தது. மரத்துப்போன அந்த இடது கைதான், அதில் பாரம் தெரிந்தது. அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் மச்சான் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, உன்னை உள்ளே கூப்பிடச் சொன்னார். நீ போய்விட்டிருந்தாய். அன்று முழுவதும் உன்னைத் தேடிக்கொண்டே இருந்தார். அவருக்கு உன்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது. சொல்வாரோ தெரியாது. நீ காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் வீட்டுக்கு வா, உப்பில்லாத சோறுதான் இருக்கும்.

உன்னை மன்னித்தேனா என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காதே. எனக்குத் தெரியாது. நூற்று அறுபத்தாறை என்னால் மறக்க முடியாது. லொறியில் நீ வந்ததையும் முடியாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

பிள்ளைக்கு றமீஸா என்று பெயர் வைக்கலாமா என்று பஹ்மி கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறாள் என்றேன். உம்மு குல்சும் என்று வைத்திருக்கிறோம்.

சண்முகநாதன் ஐயா மகளின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போகிறார். பரிமளமும் போகிறாள். மூன்று கிழமைக்கு எனக்குப் பார்க்க ஆளில்லை. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். முதலில் உன் டிஸ்பென்சரிக்கு வருவேன். நீயே கட்டிப் பார். பிறகு இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

ராத்தா,
ஸுலைஹா